இருட்டுக்குக் கண் பழகும்போது மூளை அலைகளுக்கு என்ன ஆகிறது?

"விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள், ஆல்ஃபா அலைகள் தானாகக் கூடும்." தியானச் செயலிகளிலும், தூக்கத்துக்கு யோசனை சொல்லும் காணொளிகளிலும் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது. வெளிச்சத்தில் மூளை வேகமாக ஓடும், இருட்டில் மெதுவாகிவிடும் என்ற எண்ணம்தான் இதன் அடியில் இருக்கிறது. இந்த எண்ணத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அதனாலேயே அதில் கலந்திருக்கும் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

வெளிச்சமும் இருட்டும் மூளை அலைகளை மாற்றத்தான் செய்கின்றன. ஆனால் அந்த மாற்றம் மூன்று தனித்தனி வழிகளில் நடக்கிறது. கண்ணை மூடுவதும் திறப்பதும் ஒரு நொடிக்குள் பலனைக் காட்டிவிடும். விழித்திரை இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். உடலின் இரவு பகல் கணக்கு மாறுவதற்கோ மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். இந்த மூன்றும் ஒரே பேச்சில் கலந்துவிடுவதால்தான் குழப்பம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

## முதலில், மூளை அலை என்றால் என்ன?

நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது மிகச் சிறிய மின்மாற்றங்கள் உண்டாகின்றன. ஒரே ஒரு செல்லின் மின்மாற்றத்தை மண்டை ஓட்டுக்கு வெளியிலிருந்து அளக்க முடியாது. ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்கினால்தான் அவற்றின் கூட்டுத்தொகை, தலைத்தோலில் ஒட்டிய மின்முனை வரை எட்டும். அப்படி எட்டுவதும் சில பத்து மைக்ரோவோல்ட் அளவுதான். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதைப் பதிவு செய்யும் முறையின் பெயர் ஈஈஜி. அந்தப் பதிவில் தெரியும் ஏற்ற இறக்கங்களைத்தான் மூளை அலைகள் என்கிறோம்.

ஒரு வகுப்பறைக்கு வெளியே, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தால், அந்தச் சத்தம் ஏறி இறங்குவது சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்கும். அதே பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தைத் தனித்தனியாக வாசித்தால் வெளியே வருவது வெறும் முணுமுணுப்பு. உள்ளே வேலை குறையவில்லை, பார்க்கப்போனால் கூடியிருக்கிறது. ஒருவர் குரல் இன்னொருவர் குரலோடு சேராததால்தான் வெளியே அலை சிறுத்துப்போகிறது. ஈஈஜியைப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம். அலை பெரிதாக இருந்தால் செல்கள் சேர்ந்து இயங்குகின்றன என்று பொருள். அதிகம் உழைக்கின்றன என்று பொருள் இல்லை.

அலை நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற கணக்குக்கு அதிர்வெண் என்று பெயர். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஆழ்ந்த தூக்கத்தில் ஓங்கி நிற்கும் 4 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அலைகள் டெல்டா. 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. இவை வசதிக்காக வகுத்த எல்லைகள். எந்த நேரத்திலும் மூளையில் இவை பலவும் சேர்ந்தேதான் இருக்கும், மூளையின் ஒரு பகுதியில் ஒன்றும் இன்னொரு பகுதியில் வேறொன்றும் மேலோங்கும். ஆகவே "மூளை ஆல்ஃபாவுக்குப் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதியில் என்று கேட்பது நல்லது.

## முதல் வழி: கண்ணை மூடியதும் எழும் அலை

ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர், 1924இல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து மூளை அலைகளைப் பதிவு செய்தார். அதை வெளியிட்டது 1929இல். அவர் கண்ட அலைகளில் மிகத் தெளிவானது, ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கிய அலை. ஆல்ஃபா என்று பெயர் வைத்ததும் அவர்தான். கண்ணைத் திறந்ததும் அந்த அலை ஒரு நொடிக்குள் சுருங்கிவிட்டது, மூடியதும் திரும்பி வந்தது.

முதலில் பலர் இதை நம்பவில்லை. தசையின் மின்சாரமோ கருவியின் கோளாறோ என்று சந்தேகப்பட்டார்கள். 1934இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் அதே சோதனைகளைச் செய்து பெர்கர் சொன்னது சரி என்று காட்டிய பிறகுதான் சந்தேகம் நீங்கியது. அந்த அலை தலையின் பின்பக்கத்தில் வலுவாக இருந்தது. பார்வைச் செய்திகள் போய்ச் சேரும் மூளையின் மேலடுக்குப் பகுதியான பார்வைப் புறணி அங்கேதான் இருக்கிறது.

கண்ணைத் திறந்தால் அலை மறைகிறது, மூடினால் வருகிறது. அப்படியானால் வெளிச்சம்தான் ஆல்ஃபாவை அணைக்கிறது என்ற முடிவுக்கு யாரும் உடனே வந்துவிடுவார்கள். இன்றைய தளர்வான பேச்சுக்கெல்லாம் வேர் இந்த முடிவுதான். ஆனால் சில எளிய சோதனைகளிலேயே அது ஆட்டம் கண்டுவிடுகிறது.

முழு இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து, கண்ணை மூடவும் திறக்கவும் சொல்லலாம். விழித்திரையில் விழும் ஒளி இரண்டு நிலையிலும் பூஜ்யம்தான். ஆனாலும் பலரிடம் இரண்டு நிலைகளின் ஈஈஜியும் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணைத் திறப்பது என்ற செயலே, ஒளி இல்லாதபோதும், மூளையை வேறொரு நிலைக்குத் திருப்புகிறது. வெளியே எதையாவது பார்க்கத் தயாராகும் நிலை அது. ஏட்ரியனும் மேத்யூஸும் இதிலேயே இன்னொன்றையும் கவனித்தார்கள். இருட்டில் கண்ணைத் திறந்தபடி சும்மா இருந்தால் ஆல்ஃபா வரும். அதே இருட்டில் எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உற்றுப் பார்க்க முயன்றால் மறைந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சோதனை இன்னும் அழகானது. ஒருவரின் பார்வைப் பரப்பு முழுவதையும் ஒரே சீரான வெளிச்சத்தால் நிரப்பிவிடுகிறார்கள். விளிம்பு இல்லை, நிழல் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. ஜெர்மன் மொழியில் இதற்கு கான்ஸ்ஃபெல்டு என்று பெயர், 'முழுப்புலம்' என்று சொல்லலாம். கண் திறந்திருக்கிறது, வெளிச்சமும் நிறைய இருக்கிறது. சிறிது நேரத்தில் பார்ப்பவருக்கு, தான் எதையாவது பார்க்கிறோமா என்பதே சந்தேகமாகிவிடும். அந்த நேரங்களில் ஆல்ஃபா திரும்பி வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண் மூடியவர் இருட்டில் இருப்பதாக நினைப்பதும் சரியல்ல. இமை மெல்லியது. வெளிச்சத்தில் சில சதவீதம், முக்கியமாகச் சிவப்புப் பகுதி, அதைத் தாண்டி உள்ளே போகிறது. நல்ல வெயிலில் கண்ணை மூடியவரின் விழித்திரைக்கு, மங்கலான அறையில் கண்ணைத் திறந்திருப்பவருக்குக் கிடைப்பதைவிட அதிக ஒளி கிடைக்கக்கூடும். ஆனால் ஆல்ஃபா ஓங்கி நிற்பது கண் மூடியவரிடம்தான்.

ஆக, ஆல்ஃபாவைச் சிறுக்கவைப்பது காட்சியில் உள்ள விவரமும் அதைப் பார்க்கும் முயற்சியும். மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் செய்திகள் இதன் வழியாகத்தான் பார்வைப் புறணிக்குப் போகின்றன. தலாமஸும் புறணியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் சுற்றுகளாகப் பின்னப்பட்டிருக்கின்றன. புதிய விவரம் வராதபோது இந்தச் சுற்றுகளில் செல்கள் ஒரே தாளத்தில் விழுந்துவிடும். வகுப்பறையில் வாய்ப்பாடு தொடங்கிவிடுகிறது. விளிம்புகளும் அசைவுகளும் வந்ததும் ஒவ்வொரு செல் கூட்டமும் தன் பங்குக்கு வந்த விவரத்தில் இறங்கிவிடுவதால் ஒத்த தாளம் கலைகிறது.

முன்பு ஆல்ஃபாவை மூளையின் ஓய்வு அலை என்று சொல்லிவந்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் பலர் அதை ஒரு கதவுக்காவல் போலப் பார்க்கிறார்கள். தேவையில்லாத செய்தி உள்ளே வராமல் தடுக்கும் வேலையும் அதற்கு உண்டு என்கிறார்கள். மனக்கணக்கைப் போடும் ஒருவர் கண்ணை மூடிக்கொள்வதை நினைத்தால் இது பொருத்தமாகவே தோன்றுகிறது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆல்ஃபாவின் அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் சிலரிடம் அது இயல்பாகவே மிகக் குறைவு. அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: கண்ணை மூடும்போது வரும் ஆல்ஃபா நொடிகளில் நடக்கும் விஷயம். அது வெளிச்சத்தின் அளவைக் காட்டும் முள் அல்ல. இருட்டுக்குக் கண் பழகுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

## கண் எப்படி இருட்டுக்குப் பழகுகிறது?

வெயிலிலிருந்து இருண்ட திரையரங்குக்குள் நுழைந்தால் முதலில் இருக்கைகூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியத் தொடங்கும். குறைந்த ஒளிக்கு ஏற்பக் கண் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும் இந்தச் செயலுக்கு இருள் தகவமைப்பு என்று பெயர். வெளிச்சத்துக்கு வந்ததும் உணர்திறனைக் குறைத்துக்கொள்வது ஒளித் தகவமைப்பு.

பலரும் இதைக் கண்பாவையின் வேலை என்று நினைக்கிறார்கள். பாவை சுமார் 2 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியும், உள்ளே வரும் ஒளி அதிகபட்சம் 16 மடங்கு கூடும். ஆனால் முழுமையாக இருட்டுக்குப் பழகிய கண்ணின் உணர்திறன் பல லட்சம் மடங்கு கூடியிருக்கும். பெரும்பங்கு வேலை விழித்திரையில்தான் நடக்கிறது.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் முக்கியமாக இரண்டு வகை. கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை. குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. மங்கலான ஒளிக்கானவை, நிறம் காட்டத் தெரியாதவை. குச்சிச் செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. ஒளி பட்டதும் இந்த நிறமியின் ஒரு மூலக்கூறு வடிவம் மாறி, செல்லில் மின்மாற்றத்தைத் தொடங்கிவைத்துவிட்டு வெளுத்துப்போகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்துத்தான் அது மறுபடி தயாராக வேண்டும். பகல் வெளிச்சத்தில் நிறமி பெருமளவு வெளுத்திருப்பதால், இருட்டுக்கு வந்ததும் அதை மீட்க நேரம் ஆகிறது. கூம்புச் செல்கள் சீக்கிரம் மீண்டு முதல் சில நிமிடங்களிலேயே தங்கள் எல்லையைத் தொட்டுவிடும். ஏறக்குறைய 10 நிமிடத்தை ஒட்டிக் குச்சிச் செல்கள் அவற்றை முந்திப் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. முழுதாகப் பழக 30 முதல் 40 நிமிடம் ஆகும். வெளிச்சத்துக்குத் திரும்பும்போதோ சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும்.

இருட்டுக்கு முழுதாகப் பழகிய ஒரு குச்சிச் செல், ஒரே ஒரு ஒளித்துகளுக்குக்கூடப் பதில் தரும். 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் செய்த கணக்குப்படி, குச்சிச் செல்கள் 5 முதல் 7 ஒளித்துகள்களைப் பிடித்தாலே மனிதருக்கு ஒரு சிறு மினுக்கம் தெரிந்துவிடும். படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

இருட்டு என்றால் கண்ணுக்கு ஓய்வு என்ற நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். நம் குச்சிச் செல்லும் கூம்புச் செல்லும் இருட்டில்தான் அதிகம் இயங்குகின்றன. இருட்டில் அவற்றுக்குள் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளூட்டமேட் என்ற வேதிச்செய்தியை அடுத்த செல்லுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒளி பட்டால் அந்த ஓட்டம் குறைகிறது. அந்தக் குறைவைத்தான் விழித்திரை 'வெளிச்சம் வந்தது' என்று படிக்கிறது. இந்த ஓயாத மின்னோட்டத்தைத் தாங்குவதற்குக் குச்சிச் செல்கள் பகலைவிட இருட்டில்தான் அதிக ஆற்றலைச் செலவிடுகின்றன. விளக்கை அணைத்ததும் பார்வை அமைப்பே படுத்துவிடுகிறது என்று சொல்ல இடமே இல்லை.

## இரண்டாவது வழி: பழகிய கண், தாமதமான அலை

சரி, இந்தத் தகவமைப்பு மூளை அலையில் எங்கே தெரிகிறது? தானாக ஓடும் ஆல்ஃபா, பீட்டாவில் தேடுவதைவிட, ஒரு காட்சிக்கு மூளை தரும் பதிலில் தேடினால் தெளிவாகக் கிடைக்கும்.

ஒருவருக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையைக் காட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்தலையில் எழும் சிறு அலையைப் பதிவு செய்வார்கள். பல நூறு முறை செய்து சராசரி எடுத்தால், தானாக ஓடும் அலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடும், காட்சிக்கான பதில் மட்டும் மிஞ்சும். இதற்குத் தூண்டிய பார்வை அலை என்று பெயர். நல்ல வெளிச்சத்தில் இதன் முக்கியச் சிகரம், கட்டம் மாறி ஏறக்குறைய 100 மில்லிநொடிக்குப் பின் வரும். திரையின் வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் சிகரம் சுமார் 10 முதல் 15 மில்லிநொடி பிந்துகிறது. இன்னும் பத்தில் ஒரு பங்காக்கினால் இன்னும் பிந்துகிறது.

மங்கலான ஒளியில் விழித்திரை நிதானமாகிவிடுவதுதான் காரணம். ஒளித்துகள்கள் அபூர்வமாக வரும்போது, நம்பகமான செய்தி கிடைக்க அது அதிக நேரம் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. குச்சிச் செல்லின் பதில் இயல்பாகவே கூம்புச் செல்லின் பதிலைவிட மெதுவானது. உணர்திறனைக் கூட்டிக்கொள்வதற்குக் கண் கொடுக்கும் விலை வேகம்.

இந்தத் தாமதத்தைக் கருவி இல்லாமலும் பார்க்கலாம். ஒரு கயிற்றில் எடையைக் கட்டி, உங்களுக்கு எதிரே இடமும் வலமுமாக ஊசலாடவிடுங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடியை வைத்து, இரண்டு கண்களாலும் பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் ஊசல் நீள்வட்டத்தில் சுற்றுவதுபோலத் தெரியும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண் மங்கலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டதால், அதன் செய்தி சில மில்லிநொடி தாமதமாக வருகிறது. இரண்டு கண்களுக்கும் ஊசல் வெவ்வேறு இடத்தில் இருப்பதாகத் தெரிய, மூளை அந்த வேறுபாட்டைத் தூர வேறுபாடாக எடுத்துக்கொள்கிறது. இதை 1922இல் விளக்கியவர் ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிக். ஒரு கண்ணில் பார்வை இல்லாததால் அவரால் இந்தக் காட்சியைத் தன் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. அவரும் ஜெனாவில்தான் வேலை செய்தார். பெர்கர் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்த அதே ஊர், அதே ஆண்டுகள்.

தாளத்தைப் பின்தொடரும் திறனும் மாறுகிறது. வேகமாக மினுக்கும் விளக்கை ஓர் எல்லைக்கு மேல் தொடர்ந்து எரியும் விளக்காகத்தான் பார்க்கிறோம். நல்ல வெளிச்சத்தில் இந்த எல்லை 60 ஹெர்ட்ஸ் வரை போகும். குச்சிச் செல்கள் மட்டும் இயங்கும் மங்கலில் 20 ஹெர்ட்ஸை ஒட்டியே நின்றுவிடும். இதைக் கண் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். விழித்திரையின் மின்பதிலை அளக்கும்போது, 30 ஹெர்ட்ஸில் மினுக்கும் ஒளியைக் கொடுத்தால் கூம்புச் செல்களின் பதில் மட்டும் கிடைக்கும், ஏனென்றால் குச்சிச் செல்களால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. குச்சிச் செல்களைச் சோதிக்க வேண்டும் என்றால் நோயாளியை முதலில் 20 நிமிடம் இருட்டில் வைத்து, பிறகு மங்கலான ஒளியைக் காட்டுகிறார்கள். கூம்புகளுக்கு மாறும் முன் 10 நிமிடம் வெளிச்சத்தில் வைக்கிறார்கள். மருத்துவப் பார்வை மின்னியங்கியலுக்கான சர்வதேசச் சங்கம் வகுத்த நெறி இது. இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் இரண்டு வகைச் செல்களின் பதிலும் கலந்து, அளவே பயனற்றதாகிவிடும்.

வெளிச்சத்தின் அளவே ஒரு தாளத்தை நேராக ஏற்றி இறக்கும் உதாரணம் ஒன்றும் உண்டு. சுண்டெலிகளின் பார்வைப் புறணியில் 60 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குறுகிய காமா தாளம் இருக்கிறது. வெளிச்சம் கூடக் கூட அது வலுக்கிறது. தலாமஸிலிருந்து புறணிக்கு வந்து சேரும் தாளம் அது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது.

இந்த இரண்டாவது வழியைச் சுருக்கமாகச் சொன்னால், இருள் தகவமைப்பு நிமிடக்கணக்கில் நடக்கிறது. அதன் தடம் மூளையின் பதில் எப்போது வருகிறது, எந்த வேகம் வரை பின்தொடர்கிறது என்பதில் தெரிகிறது. 'இருட்டுக்குப் பழகினால் ஆல்ஃபா கூடும்' என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

## மினுக்கும் ஒளியும் கண்ணின் மின்சாரமும்

நொடிக்கு 10 முறை மினுக்கும் விளக்கைப் பார்த்தால் பின்தலை அலைகளும் 10 ஹெர்ட்ஸில் ஒத்துப்போகும். இதைத்தான் சில கருவிகள் 'மூளையை ஆல்ஃபாவுக்குக் கொண்டுபோகிறோம்' என்று விற்கின்றன. பார்வைப் புறணி விளக்கின் தாளத்தைப் பின்தொடர்வது உண்மை. ஆனால் விளக்கு வாங்கித்தரும் அந்த 10 ஹெர்ட்ஸும், கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தானாக எழும் 10 ஹெர்ட்ஸும் ஒரே நிலையின் அடையாளம் என்பதற்கு இது சான்றாகாது. எண் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிலருக்கு மினுக்கும் ஒளி வலிப்பைத் தூண்டும். நொடிக்கு 15 முதல் 25 முறை மினுக்கும் ஒளி அதிக ஆபத்தானது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் 12 ஹெர்ட்ஸில் மாறி மாறி வந்த காட்சியைப் பார்த்து 685 பேர் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். இப்படிப்பட்ட ஒளியில் மாட்டிக்கொண்டால் கண்ணை மூடுவது மட்டும் போதாது, இமை வழியாக ஒளி போகும் என்று மேலே பார்த்தோம். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு அங்கிருந்து திரும்பிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே நிரந்தரமாக ஒரு மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. இருட்டில் அது மெல்லக் குறைந்து, சுமார் 10 நிமிடத்தில் அடிமட்டத்துக்கு வரும். வெளிச்சம் போட்டால் அதே அளவு நேரத்தில் உச்சத்துக்கு ஏறும். கண் அசையும்போதும் இமைக்கும்போதும் இந்த மின்சாரம் ஈஈஜியில் கலந்து, டெல்டா, தீட்டா போன்ற மெதுவான அலைகளாகத் தெரியும். இதைக் கழிக்காமல் இருட்டையும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டால், கண்ணின் மாற்றத்தை மூளையின் மாற்றம் என்று எழுதிவிடுவோம். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் நெற்றிப்பட்டைக் கருவிகள் கண்ணுக்கு மிக அருகில் அளப்பதால், அவற்றில் இந்தக் கலப்பு இன்னும் அதிகம்.

## மூன்றாவது வழி: பார்ப்பதற்காக இல்லாத ஒளி

விழித்திரையில் மூன்றாவது வகை ஒளியுணர் செல்கள் இருப்பது 2002இல் உறுதியானது. மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்களிலேயே ஒரு சிறு பகுதி, மெலனாப்சின் என்ற நிறமியை வைத்துக்கொண்டு தாமாகவே ஒளியை உணர்கின்றன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அதிகம் பதில் தருகின்றன. இவை மெதுவானவை. ஒளி போன பிறகும் சற்று நேரம் இயங்கிக்கொண்டிருக்கும். காட்சியைத் தீட்டுவதில் இவற்றின் பங்கு குறைவு. சூழலில் எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கை மூளையின் அடிப்பகுதியில் உள்ள உடல் கடிகாரத்துக்கு அனுப்புவதே முக்கிய வேலை. அந்தக் கடிகாரம்தான் மெலடோனின் என்ற இரவு ஹார்மோனை எப்போது சுரக்கலாம் என்று முடிவு செய்கிறது.

பார்வையை முழுதாக இழந்த சிலரிடம்கூட பிரகாசமான ஒளி மெலடோனினைக் குறைத்ததை 1995இல் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு வெளிச்சம் இருப்பதே தெரியாது. ஆனால் கண்ணின் இந்தப் பாதை மட்டும் கெடாமல் இருந்தது.

வெளிச்சம் மூளையை விழிப்பாக்குகிறது என்ற பேச்சில் இருக்கும் உண்மை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இரவில் விழித்திருப்பவரைப் பிரகாசமான ஒளியில் வைத்தால், மங்கலான ஒளியில் இருப்பவரோடு ஒப்பிடும்போது தூக்கக் கலக்கத்தைக் காட்டும் மெதுவான அலைகள், குறிப்பாகத் தீட்டா, குறைகின்றன. மாலையில் கடிகாரத்தைத் தள்ளிப்போடும் அளவுக்கு ஒளி கிடைத்தால் தூக்கமும் அதோடு வரும் டெல்டா அலைகளும் தள்ளிப்போகும். விழித்திரையின் இருள் தகவமைப்போடு இதைக் குழப்பக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகி முடிக்கும் அரை மணி நேரத்தில் உடல் கடிகாரம் பெரிதாக நகர்ந்திருக்காது.

## இருட்டறையில் அரை மணி நேரம்

இப்போது மூன்றும் ஒரே அறைக்குள் எப்படி மோதிக்கொள்கின்றன என்று பார்ப்போம். ஆய்வாளர் ஒருவர், இருட்டுக்குப் பழகிய கண்ணின் ஈஈஜியை அளக்க ஒருவரை அரை மணி நேரம் இருட்டில் உட்காரவைக்கிறார். முடிவில் தீட்டா கூடியிருக்கிறது. இது தகவமைப்பின் பலனா? இருட்டில் சும்மா உட்கார்ந்தவருக்குத் தூக்கம் வரத் தொடங்கியிருக்கலாம். கண் மூடியவருக்குத் தூக்கம் சொக்கும்போது ஆல்ஃபா துண்டு துண்டாகி மறைந்து, தீட்டா மேலே வருவது ஈஈஜி படிக்கும் எவருக்கும் தெரிந்த அடையாளம். கண்ணைத் திறந்தபடி தூக்கத்தோடு போராடுபவரிடமோ ஆல்ஃபா கூடும். ஒரே தூக்கக் கலக்கம் கண்ணின் நிலையைப் பொறுத்து ஆல்ஃபாவை எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது. 'இருட்டில் ஆல்ஃபா கூடியது' என்றும் 'குறைந்தது' என்றும் இருவர் சொன்னால், இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

அதனால் கவனமாகச் செய்யும் சோதனையில் அதே ஆளை, அதே நேரத்தில், இன்னொரு நாள் வெளிச்சத்திலும் அரை மணி நேரம் சும்மா உட்காரவைத்து ஒப்பிடுகிறார்கள். இடையிடையே ஒலி கொடுத்து, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லி விழிப்பைச் சரிபார்க்கிறார்கள். கண் திறந்த பதிவையும் மூடிய பதிவையும் தனியாக வைக்கிறார்கள். கண் அசைவை அளக்கக் கண்ணருகே தனி மின்முனை ஒட்டுகிறார்கள். சோதனை காலையிலா இரவிலா என்பதையும், அதற்கு முன் அவர் எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தார் என்பதையும் குறித்துவைக்கிறார்கள். இருட்டு மூளை அலையை இப்படி மாற்றியது என்று ஒரு செய்தியோ விளம்பரமோ சொன்னால், இந்த விவரங்களில் எத்தனை அதில் இருக்கின்றன என்று நான் முதலில் தேடுவேன். பெரும்பாலானவற்றில் கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.